வெளிறும் விரல்கள்: ஒரு தொழில்நோயின் வரலாறு

1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி கடுங்குளிரில் உறைந்துகிடந்த நாள்களில், ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு நகருக்குச் சென்றார். அந்நகரைச் சுற்றியிருக்கும் குவாரிகளில் செதுக்குவதற்கு இணக்கமான சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. பின்னாளில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் போர்த்தியதும் இந்தியானாவின் சுண்ணாம்புக்கல்தான். குவாரியிலிருந்து வந்த கல்லைக் கொட்டகைகளில் வைத்துக் கல்தச்சர்கள் செதுக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு விசித்திரமான குறை இருந்தது. குளிர்ந்த காலையில் இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மெழுகுபோல் வெளுத்துச் சுருங்கிவிடும். வெளுத்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை தெரியும். அந்த விரல்களில் தொடுவுணர்வு இருக்காது. சட்டைப் பொத்தானைப் போடக்கூட அவை உதவா. தேய்த்துச் சூடாக்கினால் சிறிது நேரத்தில் குத்தலும் எரிச்சலுமாக இரத்தம் திரும்பும். அதன்பின் எப்போதும் போன்ற கையாகிவிடும். தொழிலாளர்கள் இவற்றைச் 'செத்த விரல்கள்' என்றார்கள்.

காலையில் செத்த விரல் முற்பகலில் உயிர்பெற்றுவிடுகிறது என்பதே இந்நோயின் வரலாற்றைத் தீர்மானித்தது. கணப்பு எரியும் மருத்துவர் அறைக்குத் தொழிலாளி வந்து கையை நீட்டும்போது அங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை. நுரையீரலில் படிந்த கல்தூள் எக்ஸ்ரே படத்தில் நிழலாக விழும்; ஈயம் இரத்தத்திலும் சிறுநீரிலும் தென்படும். வெளிறிய விரலுக்கு எஞ்சும் சாட்சியம் தொழிலாளியின் சொல் ஒன்றுதான். அச்சொல்லை நம்புவதற்கு மருத்துவமும் சட்டமும் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டன என்பதே இந்நோயின் கதை.

பாரிஸ், 1862

குளிரில் விரல்கள் வெளிறும் நிலைக்கு மருத்துவ நூல்கள் சூட்டியிருக்கும் பெயர் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோவுடையது. இந்திய மருத்துவமனைகளில் அது 'ரேனாட்ஸ்' என்று ஒலிக்கிறது. 1834இல் பிறந்த ரேனோ, 1862இல் பாரிஸில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் கைகால் நுனிகளில் இரத்தவோட்டம் திடீரென நின்றுபோகும் 25 நோயாளிகளின் நிலையைத் தொகுத்தார். அவர்களுள் 20 பேர் பெண்கள். முதலில் விரல் வெளுக்கிறது. பிறகு நீலம் பாரிக்கிறது. இரத்தம் திரும்பும்போது சிவக்கிறது. சிலருக்கு இது தொல்லையாக மட்டும் நின்றது. சிலருக்கு விரல்நுனி அழுகும் அளவுக்குப் போயிற்று.

இதற்கு அவர் கொடுத்த விளக்கம் அன்றைய பாரிஸின் உடலியங்கியலிலிருந்து வந்தது. இரத்தக்குழாய்கள் சுருங்குவதையும் விரிவதையும் நரம்புகள் ஆளுகின்றன என்பதைக் கிளாட் பெர்னாரின் ஆய்வுகள் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான் காட்டியிருந்தன. எனவே ரேனோ நோயின் வேரைத் தண்டுவடத்தில் தேடினார். குழாய்களை ஆளும் நரம்பு மையம் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடைவதே காரணம் என்று கருதினார். 1874இல் எழுதிய இரண்டாவது கட்டுரையிலும் இக்கருத்தையே வளர்த்தெடுத்து, முதுகுத்தண்டின்மீது மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சையைப் பரிந்துரைத்தார்.

ரேனோ மருத்துவ வரலாற்றிலும் ஈடுபாடு கொண்டவர். மோலியேர் காலத்து மருத்துவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். 1881இல் லண்டனில் நடந்த அனைத்துலக மருத்துவ மாநாட்டுக்கு அவர் எழுதிய உரை, மருத்துவத்தில் ஐயவாதம் அன்றும் இன்றும் வகிக்கும் இடத்தைப் பற்றியது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அவர் இறந்துவிட்டதால் வேறொருவர் அதை வாசித்தார். 1888இல் தாமஸ் பார்லோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் ரேனோவின் பெயர் இந்நோயோடு நிலைத்துவிட்டது.

நோய்க்குப் பெயர் கிடைத்தது; அப்பெயரோடு ஒரு சாயலும் ஒட்டிக்கொண்டது. இளம் பெண்கள், மென்மையான நரம்புகள், இயல்பிலேயே குளிரைத் தாங்காத உடல் என்ற சித்திரம் பாடநூல்களில் பதிந்தது. ஆண் கல்தச்சரின் கை அந்தச் சித்திரத்தில் எங்கும் பொருந்தவில்லை.

உடலில் நிகழ்வது என்ன?

விரல்களின் தோலுக்குச் செல்லும் இரத்தம் அங்குள்ள திசுக்களை ஊட்டுவதற்கு மட்டும் வருவதில்லை. உடலின் வெப்பத்தை வெளியேற்றுவதும் அதன் வேலை. விரல்நுனிகளில் தமனிகளையும் சிரைகளையும் நேரடியாக இணைக்கும் குறுவழிகள் நிறைய உண்டு. வெப்பத்தைக் காக்க வேண்டிய நேரத்தில் பரிவு நரம்புகளின் ஆணைப்படி இவ்வழிகள் அடைபடுகின்றன. குளிரில் எல்லோருடைய கையும் சில்லிடுவது இதனால்தான். ரேனோ நிலை உடையவர்களுக்கு இந்த இயல்பான எதிர்வினை எல்லை மீறுகிறது. விரலின் தமனியே இறுக மூடிக்கொள்ள, இரத்தம் வற்றிய விரல் வெளுக்கிறது. தேங்கிய இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது நீலமும், குழாய் மீண்டும் திறக்கும்போது சிவப்பும் தோன்றுகின்றன.

கோளாறு நரம்பு மையத்தில் இருக்கிறதா, விரலிலேயே இருக்கிறதா என்ற கேள்வியைச் சோதனையால் எதிர்கொண்டவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ். 1929இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, விரலுக்குச் செல்லும் நரம்பை மயக்கமருந்தால் செயலிழக்கச் செய்தாலும் குளிரால் ஏற்பட்ட இறுக்கம் விடவில்லை. விரலைச் சூடாக்கியபோது விட்டது. ஆகவே பழுது விரலின் தமனியில்தான் இருக்கிறது என்றார். ரேனோவின் தண்டுவடக் கோட்பாட்டுக்கு இது பெரும் அடி. ஆனால் நோயின் பெயர் மாறவில்லை.

மற்றொரு திருத்தம் ஜோனதன் ஹச்சின்சனிடமிருந்து முன்பே வந்திருந்தது. ரேனோ விவரித்தது ஒரே நோயன்று, பல காரணங்களால் விளையக்கூடிய ஒரு தோற்றம் என்று அவர் வாதிட்டார். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலனும் பிரவுனும் 1932இல் இதற்கு வரையறைகள் வகுத்தனர். வேறு நோய் எதுவுமின்றித் தானாக வருவது ஒருவகை. தோல் தடித்து இறுகும் ஸ்கிளீரோடெர்மா போன்ற வேறொரு நோயின் விளைவாக வருவது இன்னொரு வகை. மருத்துவத்துக்கு இது தேவையான பாகுபாடு. முதல்வகை பெரும்பாலும் தீங்கற்றது; இரண்டாம்வகையில் விரலையே இழக்க நேரிடலாம். ஆனால் இதே பாகுபாடு நீதிமன்றத்துக்கும் அரசுக் குழுவுக்கும் சென்றபோது வேறொரு பயன்பாட்டைப் பெற்றது. ஒரு தொழிலாளியின் விரல் வெளிறினால், அது அவருடைய இயல்பான உடல்வாகு அல்ல, கருவியின் விளைவு என்று நிறுவும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

காற்றுச் சுத்தியல்

அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் சுத்தியல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கற்கொட்டகைகளுக்குள் நுழைந்தது. கையால் சம்மட்டி ஓங்கி அடித்தவர் இப்போது வலக்கையில் சுத்தியலைப் பிடித்து, இடக்கையால் உளியைக் கல்லின்மீது அழுத்திக்கொண்டிருந்தால் போதும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள் விழுந்தன. உற்பத்தி பெருகியது. கல்தூளும் பெருகியது. ஒவ்வோர் அடியின் அதிர்வும் உளியின் வழியே இடக்கை விரல்களுக்குச் சென்றது. கருவியிலிருந்து வெளியேறும் காற்று விரிவடையும்போது குளிர்ந்துவிடுவதால் கைகள் அந்தக் குளிரிலும் நனைந்தன.

இக்கருவிக்கும் விரல் வெளிறுவதற்கும் உள்ள தொடர்பை 1911இல் முதன்முதலாக எழுதியவர் ஜோவான்னி லோரிகா. இத்தாலியில் தொழிலிட மருத்துவ ஆய்வாளராக இருந்த அவர், காற்றுச் சுத்தியல் பயன்படுத்திய கல்குவாரித் தொழிலாளர்களிடம் இதைக் கண்டார். அடுத்து வந்ததுதான் பெட்ஃபோர்டு ஆய்வு. கல்தச்சர் சங்கத்தின் முறையீட்டைத் தொடர்ந்து, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் அந்தப் பொறுப்பை ஹாமில்டனிடம் அளித்தது. அதற்குள் அவர் ஈயத் தொழிற்சாலைகளில் செய்த ஆய்வுகளால் பெயர் பெற்றிருந்தார். 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியமர்ந்து, அதன் முதல் பெண் ஆசிரியர் என்ற இடத்தையும் பெற்றார்.

ஹாமில்டனின் முறை எளிமையானது. கொட்டகைகளுக்கே போனார், குளிர்காலத்தில் போனார், கைகளைப் பார்த்தார், தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டார். பெட்ஃபோர்டில் அவர் பரிசோதித்த கல்தச்சர்கள் 38 பேர். அவர்களுள் ஏறத்தாழ 89 விழுக்காட்டினரிடம் இந்தக் குறை காணப்பட்டது. வெளிறும் விரல்களின் வரிசையே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. இடக்கையில் உளியை இறுகப் பற்றும் விரல்கள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. வலக்கையில் சுத்தியலைத் தாங்கும் பகுதிகள் அதைவிடக் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தன. தானாக வரும் ரேனோ நிலை பெரும்பாலும் இரு கைகளையும் ஒன்றுபோலத் தாக்கும். இங்கேயோ கருவியைப் பிடிக்கும் விதமே விரல்களில் எழுதப்பட்டிருந்தது.

விரலை நெடுநேரம் இறுக்கிப் பிடிப்பது, கருவியின் அதிர்வு, குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன என்று ஹாமில்டன் முடிவு கூறினார். வெளிறல் வேலையின்போது அல்லாமல் அதிகாலையிலும் வேலை முடிந்த பிறகுமே மிகுதியாக வருகிறது என்பதையும் குறித்தார். 1918 ஜூலையில் பணியகத்தின் 236ஆம் வெளியீடாக அறிக்கை அச்சாயிற்று. அவர் பயன்படுத்தியவை வெப்பமானியோ மின்கருவியோ அல்ல. இன்றைய எந்த ஆய்வாளருக்கும் கைக்கெட்டும் பொருள்கள்தாம்: சரியான பருவம், சரியான நேரம், சரியான இடம்.

இதன் தொடர்ச்சி துயரமானது. சரியாக 60 ஆண்டுகளுக்குப் பிறகு, 1978இல், ஆய்வாளர்கள் மீண்டும் பெட்ஃபோர்டுக்குச் சென்றனர். அதே கல், அதே தொழில். சுத்தியலின் அடிப்படை வடிவமைப்பும் மாறவில்லை. பரிசோதிக்கப்பட்டவர்களில் சுமார் 80 விழுக்காட்டினரின் விரல்கள் வெளிறின. இடைப்பட்ட காலத்தில் இரண்டு தலைமுறைக் கல்தச்சர்கள் அதே உளியைப் பிடித்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அறிவு அச்சில் இருந்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. அதே காற்றுச் சுத்தியல் எழுப்பிய தூளால் வெர்மான்ட் மாநிலத்தின் பாரே கிரானைட் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அந்நோய் கொன்றது, படத்திலும் தெரிந்தது. கொட்டகைகளில் தூளை உறிஞ்சும் பொறிகள் வந்தன. விரல்களுக்காக எதுவும் வரவில்லை.

காடுகளில்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதிர்வு மற்றொரு கருவியின் வழியாகப் பரவியது. மரம் வெட்டும் சங்கிலி ரம்பம் குளிர்நாட்டுக் காடுகளில் கோடரியின் இடத்தைப் பிடித்தது. ஜப்பானின் அரசு வனங்களில் 1950களின் பிற்பகுதியில் அது பரவலாயிற்று. சில ஆண்டுகளிலேயே மரம் வெட்டுவோரின் விரல்கள் வெண்மெழுகுபோல் வெளிறத் தொடங்கின. அந்நாட்டில் நோய்க்கு வழங்கும் 'ஹகுரோபியோ' என்ற பெயருக்கே வெண்மெழுகு நோய் என்றுதான் பொருள். 1965இல் என்.எச்.கே. தொலைக்காட்சி இதை நாடறியச் செய்தது. குளிர்ந்த இடத்தில் வெளுத்த கையைத் திரையில் கண்டவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்படவில்லை. தொழிற்சங்கத்தின் போராட்டத்தைத் தொடர்ந்து, ஒருவர் ஒரு நாளில் ரம்பத்தை இயக்கும் நேரம் இரண்டு மணியாகக் குறைக்கப்பட்டது.

பின்லாந்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கு ரம்பத்தையே மாற்றினார்கள். எந்திரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே ரப்பர் தாங்கிகளை வைத்து அதிர்வைத் தடுக்கும் ரம்பங்கள் 1970களில் பரவின. சுவோமுசல்மி பகுதியின் மரம் வெட்டுவோரை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1972இல் அவர்களில் 40 விழுக்காட்டினருக்கு இருந்த வெண்விரல் நோய் 1990இல் 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்த ஊரின் குளிர் குறையவில்லை. அம்மக்களின் உடல்வாகும் மாறவில்லை. மாறியது கருவி மட்டுமே. நோய் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

பிரிட்டனின் முப்பது ஆண்டுகள்

பிரிட்டனில் ஒரு நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றால்தான் தொழிலாளிக்கு அரசின் உதவித்தொகை கிடைக்கும். அப்பட்டியலில் எதைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கும் குழு, அதிர்வால் வரும் வெண்விரலை 1954இல் பரிசீலித்து மறுத்தது, 1970இல் மீண்டும் மறுத்தது, 1975இலும் மறுத்தது. சொல்லப்பட்ட காரணங்கள் சாராம்சத்தில் இரண்டு. முதலாவது, இந்நோயைத் தானாக வரும் ரேனோ நிலையிலிருந்து பிரித்தறிவது கடினம். நோயாளியின் வாய்மொழியைச் சரிபார்க்கப் புறநிலையான சோதனை இல்லை. இரண்டாவது, இதனால் விளையும் இயலாமை அற்பமானது. பெரும்பாலோர் வேலையைத் தொடரவே செய்கிறார்கள்.

இரண்டாவது காரணத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் வேலையைத் தொடர்ந்தது உண்மை. ஆனால் குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போவதை, தோட்ட வேலையை, பந்தாட்டம் பார்க்கத் திறந்த அரங்கில் நிற்பதை அவர்கள் கைவிட்டிருந்தார்கள். பேரக் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட இயலாதவர்கள் இருந்தார்கள். காலப்போக்கில் வெளிறலோடு நிரந்தர மரப்பும் சேர்ந்து, சிறிய திருகாணியைக் கையில் உணர முடியாமற்போனவர்கள் இருந்தார்கள். சம்பளம் குறையாதவரை இழப்பு இல்லை என்று கொள்ளும் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை.

1981இல் குழு தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1985இல் நோய் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்த வரையறையே பழைய ஐயத்தின் தழும்பைச் சுமந்திருந்தது. வெளிறல் ஆண்டு முழுவதும் வர வேண்டும். ஒரு கையில் குறைந்தது மூன்று விரல்களில் வர வேண்டும். அதுவும் நுனிக்கணுவில் மட்டும் நின்றால் போதாது, நடுக்கணுவையோ அடிக்கணுவையோ எட்ட வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் வெளிறுபவருக்கும் இரண்டு விரல்கள் மட்டும் வெளிறுபவருக்கும் பட்டியலில் இடமில்லை.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வழக்கு இதற்குப் பிறகே முழு வேகம் பெற்றது. சுரங்கத்தின் ஆழத்தில் வெப்பம் மிகுதி. துளைப்பொறியை இயக்கும்போது விரல் வெளிறுவதில்லை. வேலை முடிந்து மேலே வந்து, குளிர்ந்த காற்றில் வீட்டுக்கு நடக்கும்போது வெளிறும். நோய் தோன்றும் இடம் ஒன்று, அது விளைந்த இடம் வேறு. ஒன்பது தொழிலாளர்களின் வழக்குகளை மாதிரியாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், இத்தீங்கை நிலக்கரி நிறுவனம் 1973இன் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும் என்று 1996இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் தொழிலாளர் தரப்பே வென்றது. 1999இல் உருவான இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் வந்த கோரிக்கைகள் சுமார் 1,70,000. மூன்று முறை 'அற்பம்' என்று ஒதுக்கப்பட்ட ஒரு நோய்க்கு ஒரே தொழிலில் இத்தனை பேர் கை நீட்டினார்கள்.

சோதனையும் சொல்லும்

புறநிலையான சோதனை ஒன்றைக் கண்டுபிடிக்கும் முயற்சி இடையறாமல் நடந்தது. கையைக் குளிர்நீரில் அமிழ்த்தி, விரல் மீண்டும் சூடேறும் நேரத்தை அளந்தார்கள். குளிரூட்டப்பட்ட விரலில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். இச்சோதனைகள் ஓரளவு உதவின. ஆனால் நோய் உறுதியாக உள்ளவரின் விரல்கூடச் சோதனை அறையின் குளிர்நீரில் பல வேளைகளில் வெளிறுவதில்லை. உடல் முழுவதும் குளிர்ந்திருப்பது, காற்று, ஈரம், மனநிலை எல்லாம் கூடி உண்டாக்கும் ஒன்றை ஒரு வாளி நீர் உண்டாக்கிவிடாது.

முடிவில் மருத்துவம் தொழிலாளியின் சொல்லுக்கே திரும்பி வந்தது. டெய்லரும் பெல்மியரும் 1975இல் வகுத்த நிலைகளும், 1986இல் ஸ்டாக்ஹோமில் கூடிய அறிஞர்கள் திருத்தியமைத்த அளவுகோலும் எத்தனை விரல்கள், எந்தக் கணு வரை, எவ்வளவு அடிக்கடி என்ற கேள்விகளுக்கு நோயாளி தரும் விடைகளையே முதன்மையாகச் சார்ந்தவை. சொல்லை ஒழுங்காகக் கேட்பதற்கு ஒரு முறையை வகுத்தார்கள் என்று சொல்லலாம். ஹாமில்டன் பெட்ஃபோர்டில் செய்ததும் ஏறத்தாழ இதுவே. இன்று பல மருத்துவர்கள், விரல் வெளிறும்போது கைப்பேசியில் படம் எடுத்து வரும்படி நோயாளிகளிடம் சொல்கிறார்கள். மறைந்துபோகும் சாட்சியத்தைப் பிடித்துவைக்கும் கருவி இப்போது ஏறத்தாழ எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

தடுப்பின் திசையிலும் அளவீடு மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இயற்றிய ஆணை, நோயாளியின் விரலை விட்டுவிட்டுக் கருவியின் அதிர்வை அளக்கச் சொன்னது. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு முடுக்கம், வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. மெய்ப்பிக்கும் பொறுப்பு இங்கே கையிலிருந்து கருவிக்கு இடம் மாறுகிறது.

இந்தியாவின் பட்டியல்

இந்த வரலாற்றை இந்தியாவிலிருந்து படிக்கும்போது இரண்டு செய்திகள் கண்ணில் படுகின்றன. இதுவரை கூறிய எல்லாச் சாட்சியங்களும் குளிர்நாடுகளில், வெளிர்நிறத் தோலில் கிடைத்தவை. வெப்பமண்டல நாடுகளில் அதிர்வுக் கருவிகளைப் பயன்படுத்துவோரைப் பற்றிய ஆய்வுகளில் விரல் வெளிறுவது அரிதாகவே பதிவாகியிருக்கிறது. மரப்பு, கூச்சம், பிடியின் வலுக்குறைவு ஆகியவையே அங்கு முன்னே நிற்கின்றன. அதிர்வு நரம்பையும் குழாயையும் ஒருங்கே தாக்குகிறது. குளிர் இல்லாத ஊரில் குழாயின் பழுது வெளியே தெரிவதில்லை. வெளிறல் நேர்ந்தாலும் கருந்தோலில் அது வெள்ளையாகத் தோன்றாமல் சாம்பல் படிந்தாற்போல் இருக்கலாம். நகத்தடியையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பார்த்தால்தான் புலப்படும். 'வெண்விரல்' என்ற பெயரைத் தேடிப் போகும் மருத்துவர் இங்கே அதைக் காணாமல் திரும்ப வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது, சட்டத்தின் மௌனம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கத்தக்க நோய்களாக 29 நோய்களைப் பட்டியலிட்டது. இரைச்சலால் வரும் காது கேளாமை அதில் உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, அதிர்வு இல்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கடுங்குளிரால் விளையும் நோய்கூட இடம்பெற்றது, அதிர்வு இடம்பெறவில்லை. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில்நோய்ப் பட்டியலிலோ அதிர்வால் வரும் நோய்கள் 1980 முதல் இருக்கின்றன. கல்லை உடைக்கும் ஒரே தொழிலாளியின் நுரையீரலும் விரலும் ஒரே எந்திரத்தால் கெடுகின்றன. நுரையீரலுக்குப் பட்டியலில் வரி உண்டு, விரலுக்கு இல்லை.

வெப்பநாடு என்பதால் இந்தியாவுக்கு இது பொருந்தாது என்றும் தள்ளிவிட முடியாது. இந்தியாவின் மிகக் குளிர்ந்த மலைகளில்தான் சாலைகளும் சுரங்கப்பாதைகளும் தொடர்ந்து குடையப்பட்டு வருகின்றன. லடாக்கின் எல்லைச் சாலைகளை அமைக்க ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து பல்லாண்டுகளாகத் தொழிலாளர்கள் போய்வருகிறார்கள். பாறையில் துளையிடும் கருவியின் அதிர்வும், பெட்ஃபோர்டின் குளிருக்குச் சற்றும் குறையாத குளிரும், நெடுநேரம் இறுக்கிப் பிடித்த கையும் அங்கே கூடுகின்றன. ஹாமில்டன் சொன்ன மூன்று காரணங்களும் அவைதாம். பருவம் முடிந்ததும் அவர்கள் வெப்பமான தம் ஊர்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள மருத்துவர் முன் கையை நீட்டினால், பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளிக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேரும்: கையில் ஒன்றும் தெரியாது.

இந்தியச் சுரங்கத் தொழிலாளர்களின் கைகளில் அதிர்வு ஏற்படுத்தும் விளைவுகளைப் பற்றி 1996இலேயே ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்திருக்கிறது. எனவே அறிவு இல்லை என்று சொல்ல இடமில்லை. ஆனால் பெட்ஃபோர்டின் வரலாறு காட்டுவதுபோல, அச்சேறிய அறிவு தானாகப் பட்டியலில் ஏறிவிடுவதில்லை. தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கு, நோய் வெளிப்படும் பருவத்தில், யாரேனும் நேரில் போய்க் கைகளைப் பார்த்து, சொல்வதைக் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். 1918இல் 38 கல்தச்சர்களின் கைகளைப் பார்ப்பதற்குத் தேவைப்பட்டவை ஒரு மருத்துவரும் சில குளிர்காலைகளும்தான்.